மேட்டுக்கு ஏறிய கொட்டை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் எங்கே போகலாம் என்ற பேச்சு எழும். கேமரன் மலை என்பார் ஒருவர். கெந்திங் என்பார் மற்றொருவர். பிள்ளைகள் கடற்கரைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். பிரேசர் மலைக்குப் போகலாம் என்று சொல்பவர் அபூர்வம். அங்கே தேயிலைத் தோட்டமும் கிடையாது, ராட்டினமும் கிடையாது. பனியும் காடும் பறவைகளும்தாம் உண்டு. ஆனாலும் இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறேன். அந்த மலையில் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. பணக்கடன் அன்று. ஒரு மாணவன் கேட்ட கேள்விக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

2008-ஆம் ஆண்டு. எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பிரேசர் மலைக்குப் போனோம். சுற்றிப் பார்த்துவிட்டுக் காட்டுப் பாதை ஒன்றில் வரிசையாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பையன் மட்டும் பின்தங்கி நின்றுவிட்டான். கையில் ஒரு கொட்டை. பழுப்பு நிறம், பளபளப்பு, அடிப்பாகத்தில் கிண்ணம் போல் ஒரு தொப்பி. அவன் கேட்டான்:

"சார், ரப்பர் கொட்டை வெடிச்சுப் பறக்கும். லாலான் பஞ்சு காத்துல போகும். தேங்கா தண்ணியில மிதக்கும். இது வெடிக்கல, பறக்கல, இங்க ஆறும் இல்ல. உருண்டா கீழதானே சார் போகும்? அப்புறம் மேட்டுல நிக்கிற மரம் எப்படி அங்க வந்துச்சு?"

விதை பரவும் விதங்களை அந்த மாதம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன். பாடத்தை ஒழுங்காகக் கேட்டவன் கேட்ட கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் அப்போது மனம் வரவில்லை. "பஸ் காத்திருக்கு, நட நட" என்று விரட்டிவிட்டேன். அவன் கொட்டையைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டு ஓடினான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்காக விற்கப்பட்டது. அவன் குடும்பம் லயத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. எங்கே என்று சரியாக யாருக்கும் தெரியவில்லை. அவனை நான் மறுபடி பார்க்கவில்லை. அவனுடைய கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு முறை அந்த மலைக்குப் போய்வந்திருக்கிறேன். கிடைத்த நூல்களையும் தேடிப் படித்திருக்கிறேன். வாருங்கள், போகும் வழியிலேயே பேசலாம்.

கீழிருந்து மேலே

கோலகுபு பாரு பட்டணத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கிருந்து மலையுச்சிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிறிது நேரத்தில் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்த்தேக்கம் பக்கத்தில் பச்சையாக விரியும். பிறகு சாலை பாம்பு போல் வளையத் தொடங்கும். பின்னிருக்கைப் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடுத்துவிடுவது நல்லது. 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அவசரகாலத்தைக் கண்ட நம் பெரியவர்கள் அந்தச் செய்தி தோட்டங்களில் பரவிய நாளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

கேப் எனப்படும் கணவாயிலிருந்து கடைசி எட்டுக் கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். அந்தப் பழைய சாலை மிகவும் குறுகல். எதிரும் புதிருமாக வண்டிகள் போக முடியாது என்பதால், ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம் என்று பல ஆண்டுகள் கதவு வைத்து விட்டார்கள்.

இந்த ஏற்றத்தில் கண்ணைச் சாலையில் மட்டும் வைக்காமல் மரங்களிலும் வையுங்கள். அடிவாரத்தில் மெராந்தி, கெருவிங் போன்ற பெருமரங்கள். அவற்றின் விதைகளுக்கு இறக்கை உண்டு. விழும்போது பம்பரம் போல் சுழன்றுகொண்டே இறங்கும். மேலே போகப் போக அவை குறைகின்றன. 1,200 மீட்டரைத் தாண்டியதும் காடே மாறிவிடுகிறது. மரங்கள் அவ்வளவு உயரமில்லை. கிளையெல்லாம் பாசியும் பரணியும். குளிர் சட்டைக்குள் இறங்குகிறது. தாவர நூலார் இதனை ஓக் மரக் காடு என்ற வகையில் சேர்க்கிறார்கள்.

ஓக் மரமா, அது வெள்ளைக்காரன் நாட்டு மரமல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தமிழ் வேதாகமம் படிப்பவர்கள் கர்வாலி மரம் என்ற பெயரைக் கண்டிருப்பார்கள். அதுவும் எங்கோ தொலைதூரத்து மரமாகவே தோன்றும். ஆனால் ஓக் குடும்பம் நம் நாட்டு மலைகளில் ஏராளமாக இருக்கிறது. மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்று அழைப்பது ஓக் மரங்களைத்தான். சந்தையில் நாம் வாங்கி அவித்துத் தின்னும் பெராங்கான் கொட்டையும் இந்தக் குடும்பத்துப் பங்காளிதான். (பெராங்கான் வாழைக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று.) காலண்டர் படங்களில் வரும் ஓக் இலை ஓரமெல்லாம் வளைந்து வளைந்து இருக்கும். நம் மலை ஓக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. சாதாரண நீள இலைதான். அதனால் மரத்தைப் பார்த்து யாரும் அடையாளம் காண்பதில்லை. தரையைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தொப்பி போட்ட கொட்டை கிடந்தால் தலைக்கு மேலே ஓக் நிற்கிறது என்று பொருள்.

கனத்த பிள்ளை

அந்தக் கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல கனம். உள்ளே முழுவதும் மாவு. முளைக்கப்போகும் கன்றுக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் அது. நிழல் மிகுந்த காட்டுத் தரையில் முளைக்கும் கன்றுக்கு வெயில் கிடைக்காது. இலை விட்டு, வேர் பிடிக்கும் வரை இந்தச் சோற்றை உண்டுதான் பிழைக்க வேண்டும். ஆகவே கொட்டை கனமாகத்தான் இருந்தாக வேண்டும். கனமாக இருந்தால் காற்று தூக்காது. தாய்க்கு வந்த சங்கடம் இதுதான்: பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்தால் அவன் பயணம் போக முடியாது, பயணம் போகும்படி இலேசாக அனுப்பினால் சோறு கிடையாது.

நம் கித்தா மரத்துக்கும் இதே சங்கடம் உண்டு. அது வேறு வழி கண்டது. காய் காய்ந்ததும் பட்டென்று வெடித்து, மூன்று கொட்டைகளையும் வீசி எறிகிறது. பிற்பகல் வெயிலில் லயத்துக் கூரைத் தகரத்தில் கொட்டை வந்து விழும் சத்தத்தை நம்மில் எத்தனை பேர் கேட்டு வளர்ந்தோம்! பதினைந்து மீட்டர் தூரம்கூடப் போய் விழும். அதன் பூர்வீகமான அமேசான் காட்டில் வெள்ளம் வந்து அதை மேலும் மிதக்கச் செய்து கொண்டு போகும்.

ஓக் கொட்டைக்கு வெடியும் இல்லை, வெள்ளமும் இல்லை. அடிமரத்தில் விழுகிறது. சரிவாக இருந்தால் சிறிது உருள்கிறது. காட்டுப்பன்றி வந்து மென்றுவிடுகிறது. வண்டு துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. இவற்றுக்குத் தப்பினாலும் வெயிலில் சில நாள் கிடந்து உலர்ந்தால் உயிர் போய்விடும். நெல் விதை போல் மூட்டையில் கட்டி வைக்க முடியாத விதை இது. சீக்கிரமே ஈரமண்ணுக்குள் போயாக வேண்டும். தானாகப் போகவும் முடியாது.

அப்படியானால் மேட்டில் நிற்கும் மரம் எப்படி வந்தது? என் மாணவன் கேட்ட அதே கேள்வியை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு விலங்கியல் அறிஞர் கேட்டிருக்கிறார். ஜோசப் கிரின்னல் என்பது அவர் பெயர். அங்கே பள்ளத்தாக்கும் குன்றுமாக ஓக் தோப்புகள் பல மைல் பரந்து கிடக்கின்றன. கொட்டை சரிவில் உருண்டால் காலப்போக்கில் ஓக் மரங்களெல்லாம் பள்ளத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே, குன்றின் மேலும் நிற்கின்றனவே என்று யோசித்தார். விடை பறந்துகொண்டிருந்தது. காக்கைச் சாதியைச் சேர்ந்த ஜே என்னும் நீலப்பறவை, பள்ளத்தில் கொட்டையைப் பொறுக்கி, அலகில் கவ்விக்கொண்டு சரிவில் மேல்நோக்கிப் பறந்து, மண்ணில் குத்திப் புதைத்து, மேலே ஓர் இலையையும் போட்டு மூடியது. குளிர்காலத்துக்குச் சேமிப்பு! 1936-ல் அவர் எழுதிய சின்னக் கட்டுரையின் தலைப்பே 'மேட்டில் நடுபவர்கள்' என்று பொருள்படும்.

ஒரு பறவை ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளைப் புதைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி இடத்தில் புதைக்கும். பெரும்பாலானவற்றை நினைவு வைத்துத் தோண்டித் தின்றுவிடும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மறந்துபோனதும், பறவை செத்துப்போனதால் தோண்டப்படாமல் கிடந்ததும் முளைக்கும். ஓக் மரமும் தன் பங்குக்கு ஒரு தந்திரம் செய்கிறது. சில ஆண்டுகள் காய்ப்பைச் சுருக்கிவிட்டு, ஓராண்டு மலை கொள்ளாமல் காய்த்துக் கொட்டும். அந்த ஆண்டில் தின்பவர்களால் தின்று தீர்க்க முடியாது.

நம் நாட்டில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காடு இருக்கிறது, ஆய்வுக்கென்றே பாதுகாக்கப்பட்டது. அங்கே காட்டெலிகள் பெரிய விதைகளைத் தூக்கிப்போய் இலைச்சருகுக்கு அடியில் ஒவ்வொன்றாக மறைத்து வைப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். எலி என்றால் நமக்கு எரிச்சல். செம்பனைக் குலையைக் கொறிக்கும் எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறோம். அது தோட்டத்து நியாயம். காட்டில் அதே எலிச் சாதி தோட்டக்காரன் வேலை பார்க்கிறது. எலிக்கும் அணிலுக்கும் மேடு பள்ளம் என்ற கணக்குக் கிடையாது. தன் வளை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும்.

யார் பிள்ளை யார்?

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதற்கு மேலேதான் எனக்கு வியப்பு கூடியது.

காட்டில் நிற்கும் ஒரு கன்று எந்த மரத்தின் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? பிறப்புப் பத்திரம் கிடையாது. ஆனால் உயிருக்குள்ளே மரபணு என்ற எழுத்து இருக்கிறது. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. அதை இப்போது ஆய்வுக்கூடத்தில் படிக்க முடிகிறது.

முதலில் நமக்குத் தெரிந்த கித்தாக் காட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயரைப் பால் வெட்டியவர்கள் மறந்திருக்க முடியாது. அது ஒட்டுக் கன்று. ஒரே ஒரு மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டி ஒட்டி இலட்சக்கணக்கில் பெருக்கியது. ஆகவே அந்தக் காட்டில் வெட்டப்படும் தண்டு ஆயிரம் என்றாலும் மரபணு எழுத்தின்படி அவை எல்லாம் ஒரே மரம். பிரேசர் மலைக் காட்டில் அப்படி இல்லை. விதையிலிருந்து வந்த ஒவ்வொரு மரமும் தனி ஆள். ஆனாலும் அந்தத் தனி ஆட்கள் கண்டபடி கலந்து நிற்பதில்லை. அவர்களுக்கும் ஒரு குடியிருப்பு முறை இருக்கிறது.

பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். முதல் வீட்டில் பாட்டி. அடுத்ததில் மூத்த மகள். அதற்கடுத்து சின்ன மகள். நாலு கதவு தள்ளிப் பேத்தி. ஒரே குடும்பம் வரிசையாக இருக்கும். ஓக் காடும் அப்படித்தான். கொட்டைகள் பெரும்பாலும் தாய்க்குப் பக்கத்திலேயே விழுந்து முளைப்பதால், பக்கத்துப் பக்கத்து மரங்கள் அக்கா தங்கையாக, தாய் மகளாக இருக்கும். தூரம் போகப் போக உறவு மெலியும். தகப்பன் விஷயம் வேறு. மகரந்தம் தூசு போன்றது. ஓக்கில் சில வகைகளுக்குக் காற்று அதைக் கொண்டுபோகிறது. நம் மெம்பெனிங்கில் பலவற்றுக்குப் பூச்சிகள் கொண்டுபோகின்றன. அதிலும் பெரும்பகுதி அக்கம்பக்கத்தில்தான் சேரும். ஒரு சிறு பங்கு வெகுதூரம் போகும். பெண் பிறந்த லயத்திலேயே குடியிருக்கிறாள், மாப்பிள்ளை சில வேளை பக்கத்து ஊரிலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓக் கொட்டையின் மேலோடு தாயின் உடம்பைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் பருப்புத்தான் பிள்ளை. கருப்பையும் கருவும் போல. ஆகவே ஓட்டின் மரபணுவைப் படித்தால் தாய் யார் என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும். கலிபோர்னியாவின் செட்ஜ்விக் என்ற காப்பகத்தில் ஒரு மரங்கொத்தி இருக்கிறது. பட்ட மரத்தில் ஆயிரக்கணக்கான துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஓக் கொட்டையை இறுக்கிச் செருகி வைக்கும். விக்டோரியா சார்க் என்ற அம்மையாரின் குழுவினர் அந்தக் கொட்டைகளின் ஓட்டை எடுத்துச் சுற்றியுள்ள மரங்களோடு ஒப்பிட்டு, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு சேமிப்பு மரத்திலும் இருந்தவை பக்கத்திலுள்ள ஒரு சில தாய்மரங்களின் கொட்டைகளே! பறவை பறக்கும் உயிராயிற்றே, வெகுதூரம் கொண்டுபோகும் என்று எண்ணியிருந்தால் ஏமாற்றம்தான். மரங்கொத்தி தன் எல்லையை விட்டுப் போவதில்லை. எல்லாப் பறவையும் ஒன்றல்ல. தூக்குபவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை போகும் தூரம்.

தூரம் போகும் பறவையும் உண்டு. ஐரோப்பாவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வடபகுதி முழுவதும் பனிக்கட்டி மூடியிருந்தபோது, ஓக் மரங்கள் தெற்கே ஸ்பெயின், இத்தாலி, பால்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒதுங்கிப் பிழைத்தன. பனி விலகியதும் வடக்கே ஏறின. கிளமெண்ட் ரீட் என்பவர் 1899-ல் ஒரு கணக்குப் போட்டார். கொட்டை தானாக விழுந்து உருண்டு மட்டும் பிரிட்டன் வரை வந்து சேர ஏறத்தாழ பத்து இலட்சம் ஆண்டு ஆகும்! ஆனால் பனி விலகிப் பதினோராயிரம், பன்னீராயிரம் ஆண்டுதான் ஆகிறது. ஆகவே பறவைதான் தூக்கி வந்திருக்க வேண்டும் என்றார். பிறகு 2002-ல் ஐரோப்பாவெங்கும் 2,600-க்கு மேற்பட்ட இடங்களின் ஓக் மரங்களை ஆராய்ந்து, தாய்வழியாக மட்டும் வரும் மரபணுவைப் படித்து, எந்த ஊர் மரம் எந்தத் தெற்கத்திப் பாட்டியின் வழி வந்தது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். நம் தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த கதையை வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம். மரமோ தன் பூர்வீகக் கதையைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.

பசுமைக்குப் பின்னால்

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

கலிபோர்னியாவின் பல ஓக் தோப்புகளில் ஒரு வேதனை உண்டு. நூற்றுக்கணக்கான ஆண்டு முதிர்ந்த மரங்கள் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால் அவற்றுக்கடியில் இளமரம் இல்லை. மாடு மேய்கிறது, அந்நியப் புல் மண்டிக் கன்றின் நீரைக் குடித்துவிடுகிறது, முளைத்தது நிலைப்பதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. நம் பழைய தோட்டங்கள் சிலவற்றில் தாத்தாவும் பாட்டியும் மட்டும் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இளையவர்கள் பட்டணத்துக்குப் போயிருப்பார்கள். கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் வரும். மறுநாள் லயம் மறுபடி அமைதியாகிவிடும். அந்தத் தோப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வாசல்கள்தாம் கண்ணில் நின்றன.

பிரேசர் மலையில் வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. மூன்று விளிம்புள்ள கொட்டை காய்க்கும் மிகப் பழைய சாதி மரம் ஒன்று அங்கே வளர்கிறது. ஓக்குக்குத் தூரத்துச் சொந்தம். 1962-ல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. சபா மாநிலத்துக் கினபாலு மலையில் இருக்கிறது; கெந்திங் மலையிலும் இருக்கிறது. நடுவே சமவெளியில் கிடையாது. அந்த வெப்பம் அதற்கு ஆகாது. ஆகவே ஒவ்வொரு மலையுச்சியும் அதற்கு ஒரு தீவு. கடல் தாழ்ந்திருந்த பனியுகத்தில் தீபகற்பமும் போர்னியோவும் ஒரே நிலமாக இருந்தன. இன்று அந்தப் பாதையெல்லாம் கடலுக்கடியில். தனித்தனியாகப் போன உறவுகள் இனி ஒன்றையொன்று பார்க்க வழியில்லை.

உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது. குளிரில் வாழும் மரம் குளிரைத் தேடி இன்னும் மேலே போயாக வேண்டும். மரத்துக்குக் கால் இல்லை. மேட்டுக்குத் தூக்கிப்போக ஓர் எலியோ அணிலோ வேண்டும். காட்டைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவே அகலச் சாலையும் கட்டடமும் வைத்து, கண்ணி போட்டுச் சிறு பிராணிகளையும் பிடித்துவிட்டால், தாய்மரம் இன்னும் நூறு ஆண்டு பச்சையாகத்தான் நிற்கும். அதன் பிள்ளைகள் அதன் காலடியிலேயே கிடந்து அழியும். பிழைக்கும் சிலவும் அக்கா தங்கைகளாகவே ஓரிடத்தில் அடைபட்டு, வெளிமகரந்தம் வராமல், நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே காய்த்து, தலைமுறைக்குத் தலைமுறை நலியும்.

வம்சம் சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நம் கித்தா மரமே. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 கொட்டைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். சீக்கிரம் உயிர் போகும் விதை என்றேனே, அதேபோலத்தான். ஏறத்தாழ 2,700 மட்டுமே முளைத்தன. நூற்றுக்கு நான்குகூட இல்லை. 1877-ல் அவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கோல கங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டனும் பூட்டனும் நெற்றி விளக்கோடு வெட்டிய மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் சந்ததிகள். தென்னமெரிக்காவில் கித்தா இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. அது இங்கே வந்தால் தாங்குமா என்ற பயம் ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதும் உண்டு. மரங்களெல்லாம் நெருங்கிய உறவாயிற்றே! அதனால்தான் 1981-ல் மறுபடி அமேசான் காட்டுக்குள் குழு அனுப்பிப் புதிய விதைகளைத் திரட்டி வந்தார்கள். தொலைந்த சொந்தத்தைத் தேடிப் போனது போல. தேடிப் போக அங்கே காடு இருந்தது, அதனால் கிடைத்தது.

நீங்கள் போகும்போது

பிரேசர் மலைக்குக் குடும்பத்தோடு போங்கள். காலையில் போவது உத்தமம். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். மணிக்கூண்டைப் படம் எடுத்த பிறகு ஏதாவது ஒரு காட்டுப் பாதையில் அரை மணி நேரம் நடங்கள். அட்டை கடிக்கும், பயப்பட வேண்டாம், கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். தொப்பி போட்ட கொட்டை கிடைத்தால் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் நம் ஊர் வெயிலில் உலர்ந்து சாகும். அங்கே கிடந்தால் இரவில் யாராவது வந்து எடுத்துப் போகக் கூடும்.

பிள்ளைகள் கேள்வி கேட்டால் என்னைப் போல் விரட்டாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை. சேர்ந்து தேடலாம் என்று சொன்னால் போதும்.

என் மாணவன் இப்போது வளர்ந்து ஆளாகியிருப்பான். எந்த ஊரில் வேலை செய்கிறானோ, கல்யாணம் ஆயிற்றோ தெரியாது. இந்தப் பத்திரிகை எப்படியாவது அவன் கைக்குப் போனால் இதைச் சொல்ல விரும்புகிறேன்:

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. உருண்டால் கீழேதான் போகும். மேட்டில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறார். அந்த மலையில் அது ஓர் எலியாகவோ அணிலாகவோ இருக்கும். நீ அன்று பாதை ஓரத்தில் வைத்துவிட்டு ஓடிய கொட்டையையும் ஏதாவது ஒன்று எடுத்துப் போயிருக்கலாம். அடுத்த முறை போகும்போது அந்த இடத்துக்கு மேலே, சரிவில், இளமரம் ஏதேனும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.